கவருக்குள் வந்த துணிப்பை

ஒரகடம் கூட்டு ரோட்டில் என் தையல் கடைக்கும் பக்கத்துத் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தக் கடைக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னை அக்கா என்பாள். பைக்குக் கைப்பிடி வைக்கும்போது சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு தையல் ஓட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் யாரிடமும் சொல்வதில்லை.

கம்பெனிகளில் யூனிஃபார்மை வெளியூரில் தைத்து இறக்க ஆரம்பித்த பிறகு, பேன்ட் உயரம் குறைக்கிற வேலைதான் எனக்கு மிச்சம். அப்போதுதான் எங்கள் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஊராட்சி வாங்கும் எந்தப் பொருளும் இனி மண்ணைக் கெடுக்கக் கூடாது, செய்தவர்களுக்குச் சரியான கூலி போயிருக்க வேண்டும், உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரிலேயே வாங்க வேண்டும். முதல் வேலையாக வீட்டுக்கு ஒரு துணிப்பை. தைப்பவர்கள் மாதிரிக்கு ஒன்று கொண்டுவரலாம் என்றார்கள். ஊரே என் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறது என்று அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். உள்ளே லைனிங், ஓரத்தில் பைப்பிங், வாய்க்கு ஜிப். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டேன்.

ஊராட்சி அலுவலகத்துக்கு அவள் தன் பையிலேயே டிபன் பாக்ஸையும் அரைக் கிலோ கத்தரிக்காயையும் போட்டு எடுத்து வந்தாள். காம்பு எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் பை, இஸ்திரி போட்டு, மடித்து, பளபளவென்று பிளாஸ்டிக் கவருக்குள். இருபது வருஷமாக நான் தைத்த துணி எதுவும் கவர் இல்லாமல் கடையைத் தாண்டியதில்லை.

ஊராட்சித் தலைவரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையை அல்ல, கவரை.

"இன்னாம்மா, பிளாஸ்டிக் வேணாம்னு பை கேட்டா, அதையே பிளாஸ்டிக்ல போட்டுக்கினு வந்துகீற?"

அலுவலகமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா எது தச்சாலும் கவர்ல போட்டுத்தாம்மா குடுக்கும். பழக்கம்" என்றாள். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

யார் தைப்பார்கள், என்ன கூலி என்று கேட்டார்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தென்காசிப் பெண்கள் இரண்டு பேர் வார லீவில் வந்து தைப்பார்கள் என்று சொல்லி, பைக்கு இவ்வளவு என்று கூலியையும் எழுதிக் கொடுத்தாள். ஆர்டர் அவளுக்குப் போனது. ரொம்ப சந்தோஷம் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். பொய்.

அதன் பிறகு ரேஷன் வரிசையில் அவள் பை. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனால் அங்கேயும் தேங்காய் பழத்தோடு அவள் பை. சாமி முகத்தைப் பார்க்கும் முன்னால் என் கண் கைப்பிடிகளைத்தான் பார்க்கும், ஏதாவது ஒன்று பிய்ந்து தொங்குகிறதா என்று. எதுவும் தொங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. வீட்டுக்காரர் அதில் தக்காளி வாங்கி வந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தக்காளியைக் கொட்டிவிட்டு, பையைக் காலில் மிதித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்தேன். ஒரு நூல் அசையவில்லை. சதுரம், நடுவில் குறுக்கே இரண்டு தையல். நான் சொல்லிக்கொடுத்த தையல்தான். அதில் பெருமை வரவில்லை, வயிறுதான் இன்னும் எரிந்தது.

மறுநாள் காய் வாங்கக் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"பை எங்க?"

"கிழிஞ்சி போச்சி. இன்னா தையல் தைக்கிறாளோ."

அவள் பை பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. தூசி படக்கூடாது என்று கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.