கல்லறையில் முளைத்த பால்கீரை

எங்கள் வீட்டில் அதைப் பால்கீரை என்போம். கைபேசியில் படம் பிடித்துத் தேடினால் காட்டு லெட்டூஸ் என்கிறது. சாலட்டுக்கு வாங்குகிறோமே, அந்த லெட்டூஸுக்கு இது காட்டுச் சொந்தம். நீளமான இலை, ஒற்றைத் தண்டு, விட்டால் நெஞ்சு உயரத்துக்கு ஓடும். கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அது விரலில் காய்ந்தால் பழுப்புக் கறை, இரண்டு நாளானாலும் போகாது. சாலை ஓரம், கால்வாய்க்கரை, புல்டோசர் கிளறிப்போட்ட மண் என்று எங்கே கேட்பாரில்லையோ அங்கே முளைக்கும். பக்கத்து வீட்டுச் சீன அக்கா அதைத் தன் முயல்களுக்குப் போடுவார். நாங்கள் சாப்பிடுவோம்.

அம்மா பூ வராத செடியாகப் பார்த்து இளம் இலைகளைக் கிள்ளுவாள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நெத்திலியும் காய்ந்த மிளகாயும் சேர்த்துப் பிரட்டுவாள். கசப்பு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். கசக்காவிட்டால் அப்பா, "இன்னிக்கு என்ன, பாசார் கீரையா?" என்று, சந்தையில் வாங்கியதா என்பது போலக் கிண்டல் செய்வார். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே அம்மாவின் விரல்களில் ஏதோ ஒரு பாலின் கறை இருந்துகொண்டேதான் இருந்தது.

தோட்டத்தை விட்டுப் புக்கிட் காத்தில் குடியிருப்புக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய அதன் விதையைக் கொண்டுவந்தாள். வேலி ஓரமாகத் தூவினாள். வருடா வருடம் அதுவாகவே முளைத்தது. வெளிறிய மஞ்சள் பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். பிறகு பஞ்சு வைத்த விதைகள் பறந்துவந்து கொடியில் காயும் என் ஆபீஸ் துணிகளில் ஒட்டும். நான் கத்துவேன். எனக்குக் கோபம் வர அந்த வீட்டில் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

அம்மா இறந்த மறுவருடம் வீட்டைச் சுற்றிச் சிமெண்டு போட்டேன். அப்பா வேலையாட்களைப் பார்த்தபடி நின்றார்.

"பின்னால மட்டும் கொஞ்சம் மண்ண விடலாமாம்மா?"

"எதுக்குப்பா? புல்லு மண்டும், பாம்பு வரும்."

அதோடு அவர் பேச்சை விட்டுவிட்டார். முழுக்கச் சிமெண்டு பூசி முடித்தபோது வீடு சுத்தமாகிவிட்டதென்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா சாப்பாட்டைக் குறைத்தார். என்ன சமைத்தாலும் இரண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவார். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். சட்டை மட்டும் மாதா மாதம் தொளதொளத்துக்கொண்டே போனது. பல மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து மோட்டார் சைக்கிளில் அம்மாவின் கல்லறைக்குப் போனவர், திரும்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் பால்கீரை கொண்டுவந்தார். அவரே சமைத்தார். அன்று இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். வழியில் எங்கோ பறிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடுகிறாரே, அது போதும் என்றிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய நான் மட்டும் போனேன். சிமெண்டுக் கரைக்குள் இருந்த மண் முழுக்கப் பால்கீரை, நெஞ்சளவு வளர்ந்து பூத்து நின்றது. காற்றில் வந்து விழுந்த களை என்றே நினைத்தேன். அப்பா கொண்டுவரும் பையோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பெற்றவளின் கல்லறை காடாகக் கிடக்கிறது என்று நாலு பேர் பேசுவார்களே என்று உடம்பு கூசியது. நேரே தெங்கேரா கடைத்தெருவுக்குப் போய் ஹார்ட்வேர் கடையில் புல்லைக் கருக்கும் மருந்து வாங்கிவந்து அடித்தேன். நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். எங்களுக்குச் சுத்தம் என்றால் மருந்து அடித்த வெறும் சிவப்பு மண்தான். திருநாளுக்கு முந்திய நாள் போய்க் காய்ந்த செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். விரலில் பால்கூட ஒட்டவில்லை.

திருநாளன்று மெழுகுவர்த்தியோடு வந்த அப்பா கல்லறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும்மா மருந்து அடிச்சது?"

"நான்தாம்பா. ஒரே காடா கெடந்துச்சு."

"அது நான் போட்டதும்மா. டின்ல அம்மா வச்சிருந்த கடைசி வெதை. இந்தப் பூவுலேருந்துதான் மறுபடியும் எடுக்கணும்னு இருந்தேன்."

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சுற்றிலும் எல்லாரும் செபம் சொன்னார்கள்.

மறுவாரமே ஆள் கூப்பிட்டுப் பின்பக்கச் சிமெண்டை உடைத்தேன். சாலை ஓரம் அலைந்து, பஞ்சு கட்டி நின்ற செடி ஒன்றைக் கண்டுபிடித்து விதை எடுத்துவந்து தூவினேன். முளைத்தது. முதல் இலைகளைக் கிள்ளி, அம்மா செய்தது போலவே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரட்டி வைத்தேன். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்று தட்டைத் தள்ளினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த அழுகையும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"கல்லறையில போட்டுருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா? எங்கிட்ட ஏன் கேக்கல?"

அவர் குத்திக்காட்டவில்லை. மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துவது போல மெதுவாகத்தான் சொன்னார்.

"கேட்டேனேம்மா. கொஞ்சம் மண்ண விடலாமான்னு கேட்டேனே."