திட்டு வாங்காத மேடம்

நல்ல மனசுக்காரர்களை வைத்துக்கொண்டு வேலை வாங்குவதைப் போல எரிச்சல் பிடித்த காரியம் வேறு கிடையாது. அனுபவித்துச் சொல்கிறேன். ஆஸ்டின் டவுனில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் சமையல்கூடம் நடத்துகிறேன். வைட்ஃபீல்டில் உள்ள சில ஆபீஸ்களுக்கு எங்களிடமிருந்து மதியச் சாப்பாடு போகிறது. சமைக்க ஒரு அக்கா, காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் நாலு பெண்கள், வேன் ஓட்ட ஒரு டிரைவர். விடிந்ததிலிருந்து வேன் கிளம்பும்வரை கத்தல் ஓயாது. அக்கா எல்லாரையும் 'டீ' போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் நானும் அதில் அடக்கம்.

இந்த இடத்துக்குத்தான் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். எங்கும் வேலை கிடைக்காமல் அல்லாடுகிறவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி இடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்கும் ஆள் தேவைப்பட்டது, சரி என்றேன். ஆனால் வருகிறவருக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன்னால் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அரைத்த தேங்காய் கையில் காய, அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

“எப்பவும் வாங்க, போங்கன்னு பேசுங்க. குரலை ரெய்ஸ் பண்ணாதீங்க. அவங்களை ரொம்ப கம்ஃபர்டபிளா வெச்சுக்கணும்” என்றார் அந்தப் பெண். அக்கா கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வந்தவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பிறவியிலேயே செரிபிரல் பால்சி. நடை கொஞ்சம் இழுக்கும், வலது கை நடுங்கும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நம்மைவிட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பி.காம். படித்தவர். முதல் நாளே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“ரெண்டு இடத்துல... ட்ரெய்னிங் முடிச்சேன் மேடம். ரெண்டு இடத்துலயும்... கடைசி நாள்ல கேக்கு வெட்டினாங்க. வேலை... குடுக்கல.”

நாலாவது தடவை அந்த அமைப்பு அனுப்பாது. இதுவும் போனால் அடுகோடியில் அண்ணன் வீட்டில், அண்ணி சொல்கிற வேலையைச் செய்துகொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். அதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. கொஞ்சம் கடுப்போடுதான் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஃபேனுக்குக் கீழே அவருக்கென்று ஒரு நாற்காலி. டீ வந்தால் முதல் கிளாஸ் அவருக்கு. பூண்டு உரிக்கக் கொடுத்தால், அவர் திரும்பிய நேரம் பாதியை யாராவது தூக்கிக்கொண்டு போய் உரித்துவிடுவார்கள். சொந்த மாமியாரையே வாயில் போட்டு மெல்லுகிற அக்கா இவரிடம் மட்டும் “மேடம், நீங்க குந்துங்க மேடம்” என்று குழைவார்.

“இன்னாக்கா இது, வேலைக்கு வந்தவங்கள விருந்தாளி மாதிரி வெச்சினு இருக்கீங்க?” என்று ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“நீ சும்னே இரும்மா. பாவம் அது” என்றார் அக்கா. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் அது.

கடைசியில் நானே பிடிவாதமாக ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். எந்தச் சாப்பாடு எந்த ஆபீஸுக்கு என்று பிளாஸ்டிக் கிரேட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டி, டிரைவரிடம் சொல்லி ஏற்ற வேண்டும். அதில் டிரைவர் வந்து சேர்ந்தான். அவனும் நல்ல மனசுக்காரன். இவர் வாயைத் திறந்தாலே மீதியை அவன் சொல்லி முடித்துவிடுவான்.

“இந்த சாம்பார் கேனு...” என்று இவர் ஆரம்பிப்பார்.

“கீழ வெக்கணும், அதானே? ஓகே மேடம்!”

மூடி சரியாக இல்லை என்றுதான் இவர் சொல்ல வந்திருப்பார். வேன் முழுக்கச் சாம்பார் ஓடும். கழுவும்போதும் அவன், “பரவால்ல மேடம், நீங்க ஃபீல் பண்ணாதீங்க” என்பான். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஆயுத பூஜை வந்தது. ஓர் ஆபீஸில் பூஜை, அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கலும் சைவச் சாப்பாடும். இன்னொரு ஆபீஸில் யாருக்கோ பிரிவு உபசாரம், அவர்களுக்குச் சிக்கன் பிரியாணி. வேன் போய் வெகு நேரம் கழித்து எனக்கு போன் வந்தது.

“ஏனு மேடம் இது? பூஜெகெ சிக்கன் களிசித்தீரா?” பூஜைக்குச் சிக்கனா அனுப்பினீர்கள் என்று அந்தப் பக்கம் ஒருவர் கன்னடத்தில் கத்தினார்.

பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்களுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில் எங்கள் பிரியாணி மணந்துகொண்டு இருக்கிறது. ஸ்டிக்கர் மாறிவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அதற்குள் அக்கா ஆறுதலை ஆரம்பித்துவிட்டார்.

“பரவால்ல மேடம். கை நடுங்குதில்ல, நீங்க இன்னா பண்ணுவீங்க.”

கை நடுங்கினால் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டும். சிக்கனும் பொங்கலும் மாறாது. ஒட்டும்போது அவர் மடியில் மொபைலை வைத்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போது வெடித்துவிட்டது.

“அறிவிருக்காடி உனக்கு? வேலை நேரத்துல சீரியல் கேக்குதா? சாமிக்கு முன்னால கோழிய அனுப்பி வெச்சிருக்க! இங்க இன்னா சினிமா கொட்டாயா நடத்துறேன்?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அவள் முகம் சிவந்துபோயிருந்தது. ஆனால் மொபைலைத்தான் தேடினாள்.

“தப்பு... என்னுதுதான். கத்தினது... போதும். வண்டிய... திருப்பறேன்.”

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், இந்த இடத்தில் 'அவர்' போய் 'அவள்' வந்துவிட்டாள். அப்படியே இருக்கட்டும்.

டிரைவர் அப்போது பொங்கலோடு இரண்டாவது ஆபீஸுக்குப் போகும் வழியில் டிராபிக்கில் இருந்தான். அவள் போன் போட்டு, “அண்ணா... வண்டிய...” என்றாள். “வந்துட்டேன் மேடம், பக்கத்துல கீறேன், ஓகே மேடம்!” என்று வைத்துவிட்டான். மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதே பதில். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. போனைப் பிடுங்கி நான்தான் கத்தினேன். பொங்கல் ஆறிப்போய்ச் சேர்ந்தது, பூஜையும் முடிந்திருந்தது. அந்த ஆபீஸ் இன்றுவரை எங்களிடம் சாப்பாடு வாங்குவதில்லை.

விஷயம் தெரிந்து, தொண்டு அமைப்பின் பெண் வந்து என்னை உட்கார வைத்து, குரலை உயர்த்துவது பற்றி அரை மணி நேரம் மென்மையாகப் பேசினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பதில் சொன்னால் குரல் உயர்ந்திருக்கும். ஆனால் மறுநாள் காலையில் அக்காவின் சத்தம் தெருவரை கேட்டது. “ஏன்டி, ஸ்டிக்கர ஒட்டிட்டு ஜல்தியா வந்து பூண்டு உரி! உங்கம்மாவா வந்து உரிப்பா?” அவள் சிரித்துக்கொண்டே, “வரேன்... இரு அக்கா” என்றாள். ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் அன்றிலிருந்து நான்தான் உட்காருகிறேன். மொபைலை என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஸ்டிக்கரைத் தொடுகிறாள். டிரைவர் மட்டும் திருந்தவில்லை, அவனுக்கு அவள் இன்னும் மேடம்தான்.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. தொண்டு அமைப்பின் பெண் கேக்குப் பெட்டியும் சர்டிபிகேட்டுமாக வந்து நின்றார். சாப்பாடு ரெடி, வேன் கிளம்ப வேண்டிய நேரம். வாசலில் அவள் டிரைவரை நிறுத்தி வைத்திருந்தாள். முந்தின நாள் போன சாம்பார் கேன்கள் திரும்பி வரவில்லை.

“நேத்து... ரெண்டு கேனு...”

“அது வந்துடும் மேடம், நான் பாத்துக்கறேன், ஓகே—”

“வாய... மூடு” என்றாள். அவன் மூடினான். “மொதல்லருந்து... சொல்றேன். நேத்து... ரெண்டு கேனு...”

அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அவன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இந்நேரம் போகிற வழியில், மாரத்தஹள்ளியில் வண்டிகள் சேர ஆரம்பித்திருக்கும், சாதம் ஆறிக்கொண்டிருந்தது, எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. அவளோ இன்னும் இரண்டாவது கேனுக்கே வரவில்லை.

“மேடம், கேக் கட் பண்ணிடலாமா?” என்று அந்தப் பெண் என் காதோரம் கேட்டார். “எல்லாரும் ஒரு நல்ல ஃபேர்வெல் குடுத்தா அவங்களுக்கு—”

“எதுக்கு கேக்கு? இங்க யாரு போறாங்க?” என்றேன். “செத்த சும்மா இரும்மா. அவ இன்னும் திட்டி முடிக்கல.”