பிளேன் விழுந்த வளைவு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, ஐப்பசி அடைமழை. மேகமலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குத் தலைப்பிரசவம், மத்தியானமே வலி கண்டுவிட்டது, சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கியாக வேண்டும். பின்சீட்டில் அவளும் என் மாமியாரும். அந்த ரோட்டில் சும்மா போகிறவனுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும், அவள் ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. உலக யுத்த காலத்தில் பயிற்சிக்குக் கிளம்பிய குண்டு போடும் பிளேன் ஒன்று, மேகத்தில் வழி தெரியாமல் அங்கேதான் மலையில் மோதியதாம். உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பையன்கள் அத்தனை பேரும் போய்விட்டார்களாம். டிரைவர்கள் எல்லாரும் அங்கே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். செத்தவனுக்கு எதற்கு என்று நான் நின்றதே இல்லை.

சரியாக அங்கே மூடுபனி இறங்கியது. பானெட்கூடத் தெரியவில்லை. நின்றால் பிரசவம் ஜீப்பிலேயே, போனால் மூன்று பேரும் பள்ளத்தில். பிரேக்கை மிதித்தபடி ஹாரனை அடித்தேன். அப்போது முன்னால் காக்கி உடுப்பில் ஒருவன், எங்களைப் பார்த்தபடியே, இரண்டு கைகளையும் தூக்கி வா வா என்று ஆட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தான்.

மாமியார் தலையை வெளியே நீட்டினார். "ஏப்பா, பிள்ளத்தாச்சி இருக்கா. டான்ஸ் ஆடாம வெரசா நடப்பா."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. நடையை எட்டிப் போட்டான், நான் பின்னாலேயே விட்டேன். பனி விலகியபோது ஆளைக் காணோம். மனைவி தூங்கிப்போயிருந்தாள்.

அடிவாரத்து செக்போஸ்ட்டில் நான் இறங்கியதும் வாட்சர் வாயைப் பிளந்தார். "எந்த வழியா வந்தீக? காலையிலயே பிளேன் விழுந்த வளைவுக்குக் கீழ ரோடு மொத்தமாச் சரிஞ்சு போச்சே."

"இருக்கது ஒரு வழிதானண்ணே" என்றேன். என் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார்.

சாயங்காலம் மகள் பிறந்தாள், சுகப்பிரசவம். வாட்சர் ஏதோ உளறுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன், மனைவியிடம் மூச்சுக்கூட விடவில்லை. ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவளாகக் கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்கு நடுவுல கொஞ்ச தூரம் புது ரோடு போட்டிருந்தாகளோ? ஒரு குலுக்கல்கூட இல்லையே. அங்கனதான நான் கண்ணசந்தேன்."