கழிசல் தோலில் ஒரு கச்சேரி

ஜான் பாஷா ஆட்டுத்தோலைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நிலையில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. முதலாளியே வந்தாலும் நிற்க வேண்டியதுதான். கண் திறந்ததும் தோல் வலப்பக்கம் போனால் முதல் தரம். அது லண்டனுக்குக் கப்பலேறும். இடப்பக்கம் போனால் இரண்டாம் தரம். திரும்பிப் பாராமல் தோளுக்குப் பின்னால் வீசினால் கழிசல். ஆம்பூர் தோல் ஷாப்புகளில் தரம் பிரிக்கிற மற்றவர்களெல்லாம் விரலால் தடவிப் பார்க்கிறவர்கள். இவருக்கு விரல் போதாது. “வெரலு மரத்துப்பூடும், கன்னம் மரத்துப்போவாது” என்பார். இதற்காகவே தாடியை வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஒட்ட வெட்டிக்கொள்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எதிரே உட்கார்ந்து பார்த்தால் அது வெறும் பேச்சு அல்ல என்று தெரியும்.

பகலெல்லாம் வாய் திறவாமல் வேலை செய்கிற இந்த மனிதருக்குச் சாயங்காலமானால் சத்தம் வேண்டும். சென்னையில் ரேடியோ நிலையம் வந்த சில மாதங்களிலேயே ஒரு பழைய ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவரச் செய்தவர் கோதண்டபாணி. ஜோலார்பேட்டை ரயில்வேயில் தந்திக் கம்பிகளைப் பழுது பார்க்கிறவர்; ஜான் பாஷாவுக்குப் பழைய தோஸ்த். மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலை நட்டுக் குறுக்கே கம்பி கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். ரேடியோ பாடியது. ஆனால் காதில் மாட்டுகிற டப்பிகளில் மட்டும் பாடியது. தெரு ஆண்கள் முன்னறையில் முறை வைத்து உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் டப்பியைக் காதில் வைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மாட்டியிருப்பவர் தலையாட்டுவதைப் பார்த்து மாட்டாதவர்களும் தலையாட்டினார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹலீமா பீக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஜான் பாஷா டப்பியைத் துடைத்து மனைவியிடம் நீட்டினார். அந்த வீட்டில் கோபம் உருதுவில் வரும், கேலி தமிழில் வரும். அன்று தமிழில் வந்தது.

“ஊரு ஆம்பளைங்க காதுல எல்லாம் இருந்துட்டு வந்த இரும்பு. அத நான் மாட்டிக்கணுமா?”

அதோடு நிற்கவில்லை. பக்ரீத்துக்குள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே தனக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மாடியிலுள்ள மூங்கில் இரண்டும் துணி உலர்த்தப் போய்விடும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஜான் பாஷாவுக்குத் தெரியும், அவள் சொன்னால் செய்வாள். ரேடியோ வாங்குவதற்கு முன் அவர் வளர்த்த புறாக்கள் இப்போது வாணியம்பாடியில் அவள் தம்பி வீட்டில் இருக்கின்றன.

கடையில் பெரிய ஒலிபெருக்கி விற்கிறார்கள். ஜான் பாஷா அதை வேலூர் பஜாரில் ஒருமுறை கேட்டார். “கத்துது. பேசல” என்று அதையும் தோளுக்குப் பின்னால் வீசினார், மனத்தளவில். தாமே செய்வது என்று தீர்மானித்தார். கோதண்டபாணி விஷயத்தை விளக்கினார்: காது டப்பியின் குரல் கொசுக் குரல். அதை ஒரு குழலின் குறுகிய முனையில் பொருத்தினால் குரல் உள்ளே நடந்து நடந்து வளரும். குழல் மெல்ல மெல்ல அகலவேண்டும். நல்ல நீளமும் வேண்டும். குட்டைக் குழல் மூக்கால் பேசும். தேவையான நீளத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். கோடு முன்னறையில் தொடங்கி வாசற்படியைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அப்படி வைத்தால் பாட்டு வண்டி மாடுகளுக்குத்தான்.

ஜான் பாஷா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “மடிச்சிட்டா?” என்றார். ஆள் உயரத் தோல்களை மடித்து மடித்துச் சின்னக் கட்டாக்கிக் கப்பலுக்கு அனுப்புகிறவருக்கு வேறென்ன தோன்றும்? பெட்டிக்குள் குழல் பின்பக்கம் போகும், திரும்பும், முன்பக்கம் வரும், மறுபடி திரும்பும், கடைசியில் வாயைத் திறக்கும். அரிசிப் பெட்டி அளவுதான் ஆகும். இதைக் கோதண்டபாணி தாம் சொன்னதாகவே ஜோலார்பேட்டையில் சொல்லிவருகிறார்.

பெட்டி பலகையில் செய்தாயிற்று. உள்ளே குழலைத் தகரத்தில் செய்யலாம் என்றார் கோதண்டபாணி. தகரமா? ஆம்பூரில் இருந்துகொண்டா? ஜான் பாஷா தம் கன்னம் தேர்ந்த ஆட்டுத்தோலில் ஆக நல்லதை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, வெட்டி, தைத்து, பசை போட்டுக் குழலாக்கினார். பார்ப்பதற்குப் பட்டு மாதிரி இருந்தது. டப்பியைப் பொருத்தினார்கள். சென்னை உள்ளே போனது, வெளியே வரவில்லை. கோதண்டபாணி குழலின் வாயில் தலையை விட்டுக் கேட்டுவிட்டு, “ரஜாய் போர்வைக்குள்ள பூந்துனு யாரோ பேசறாப்ல இருக்கு பாய்” என்றார்.

ஜான் பாஷா இதைத் தம் தோலைப் பற்றிச் சொன்ன குறையாக எடுத்துக்கொண்டார். தோல் சரியில்லை என்றால் அதைவிட நல்ல தோல் போட வேண்டும்; முப்பது வருஷத் தொழிலில் இதற்கு மாற்று இருந்ததில்லை. இன்னும் மெத்தென்ற தோலில் இன்னொரு குழல் தைத்தார். அதில் சென்னை முணுமுணுப்பாக வந்தது. மூன்றாவது, சீமை துரைசானிகள் கையுறைக்குப் போகிற ஜாதித் தோல். அதை அவர் கன்னத்தில் வைத்துக் கண் மூடியபோது கண்ணில் நீர் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் குழலில் ஒன்றுமே வரவில்லை. தோல் உயர உயர ஓசை தாழ்ந்தது. மனிதர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். அடுப்படியில் ஹலீமா பீ துணிக் கொடிக்கு எத்தனை முழம் கயிறு வேண்டும் என்று உரக்க யோசிக்க ஆரம்பித்தாள்.

பக்ரீத் நெருங்கிய ஒரு காலை, ஷாப்பில் வழக்கம்போல் தோளுக்குப் பின்னால் ஒரு தோலை வீசினார். பதப்படாமல் காய்ந்து விறைத்த பச்சைத் தோல். அது சுவரில் பட்டு ‘டண்’ என்றது. முப்பது வருஷமாக அப்படித்தான் ‘டண்’ என்றிருக்கும். அன்றைக்குத்தான் அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய் அதை எடுத்து நகத்தால் சுண்டினார். மெத்தென்ற தோல்கள் விழுங்கிய ஓசையை இது திருப்பித் தந்தது. தம்மைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சட்டைக்குள் செருகப் பார்த்தார். விறைத்த தோல் சட்டைக்குள் போகுமா? கழிசலை அடுக்குகிற கோவிந்தம்மாள் பார்த்துவிட்டாள்.

“இன்னா சாயபு, நீ கழிச்சத நீயே எடுத்துனு போறியா? அப்ப இத்தினி வருசமா எங்க கையில குடுத்ததெல்லாம் நல்ல தோலுதானா?”

ஜான் பாஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நாய்க்குப் போட என்று சொன்னார். அவர் வீட்டில் நாய் கிடையாது என்பது கோவிந்தம்மாளுக்கும் தெரியும்.

வேலை முடிந்தால் கொல்லைப்புறமாக வந்து குளித்த பிறகே வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது தோல் ஷாப்புக்காரர் வீடுகளில் உள்ள கண்டிப்பு. அந்த வீட்டுக்குள் பச்சைத் தோல் வந்தது. தண்ணீரில் ஊறி, மர அச்சின்மேல் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு, மாடியில் வெயிலில் காய்ந்தது. தெரு நாய்கள் வாசலில் கூடி அண்ணாந்து பார்த்தன. ஆக, கோவிந்தம்மாளிடம் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. இந்தத் தடவை ஹலீமா பீக்கு வந்தது உருதுவில் வந்தது. நாற்றம் போகும்வரை வந்துகொண்டிருந்தது. காய்ந்த குழல் பலகையைப் போல் நின்றது. உள்பக்கம் அரக்கு பூசினார். கன்னத்தில் வைத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பக்ரீத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அந்திக்குப் பின், தெருவே முன்னறையில் இருந்தது. கோதண்டபாணி ரயிலேறி வந்திருந்தார். ஹலீமாவின் அண்ணன் ஆபித் பாஷா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் வீட்டு கிராமபோனுக்கு நாய்கள் கூடுவதில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். டப்பியைத் தேன்மெழுகு வைத்துக் குழலில் ஒட்டினார்கள். குமிழைத் திருகினார்கள். கொஞ்சம் இரைச்சல். பிறகு அறை முழுக்க, பெட்டியிலிருந்து வருவதாகவே தெரியாமல், ஒரு வயலின் வந்தது. வித்வான் சுருதிதான் சேர்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, அதற்கே கிறங்கிப்போனார்கள். பாட்டு தொடங்கியபோது ஆபித் பாஷா கூட வாயை மூடிக்கொண்டான்.

ஜான் பாஷா பாட்டைக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் அம்மியில் மசாலா அரைபட்டுக்கொண்டிருந்தது. அரைக்கிற சத்தம் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். எழுந்தார். பெட்டியை இரு கைகளாலும் பிடித்து, பாடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சுற்றுச் சுற்றி அதன் வாயைத் திரைப்பக்கம் திருப்பினார். தெருவுக்கு இப்போது பின்பலகை மட்டும் தெரிந்தது.

“இன்னா மச்சான், கூப்ட்டு வெச்சி முதுக காட்ற?” என்றான் ஆபித் பாஷா.

அம்மி இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தது. நின்றது. திரை அசையவில்லை. பாட்டு சரணத்துக்குப் போன பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. பக்கத்து வூட்டுக்கெல்லாம் கேக்குது.”

கோதண்டபாணி குமிழைத் தொடப் போனார். ஜான் பாஷா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, திரைக்குப் பக்கமாகச் சாய்ந்து, “இன்னா சொன்ன? கேக்கல” என்றார்.