தண்ணீர்க் கணக்கும் இட்லி மாவும்

என் பெயர் ஸ்டெல்லா. பெங்களூரு பீன்யாவில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நாங்கள் ஜெயித்த கதையெல்லாம் கேட்டலாக்கில் இருக்கிறது. அதனால் நான் தோற்ற கதையை எழுதுகிறேன்.

1. தண்ணீர் ஆள்

முதல் இருபத்திரண்டு வருடம் நான் தண்ணீர்ப் பிரிவில் இருந்தேன். அபார்ட்மென்ட் ஓவர்ஹெட் டேங்க், போர்வெல், தீயணைப்பு லைன். எத்தனை மாடி, எவ்வளவு தூரம், என்ன சைஸ் பைப் என்று சொன்னால் போதும். எந்த மாடலைப் போட வேண்டும் என்று காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். சொன்னால் சொன்னபடி ஓடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பிறகு உணவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பால், ஜூஸ், சாஸ், சர்க்கரைப் பாகு. முதல் நாளே என் மேனேஜர் ஹெக்டே சார் எச்சரித்தார். அவர் மலைநாட்டுக் கன்னடக்காரர். இருபது வருடம் அல்சூரில் குடியிருந்து தமிழ் கற்றுக்கொண்டவர்.

"ஸ்டெல்லா, தண்ணி வேற, இது வேற. ரெண்டு மாசம் சும்மா பாருங்க, ஆமேலே, அப்புறமா, டிசைன் பண்ணலாம்."

"சார், கெட்டியா இருந்தா விஸ்காசிட்டி சார்ட் இருக்கே. அதைப் போட்டா கணக்கு வந்துடும்" என்றேன்.

விஸ்காசிட்டி என்பது ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதன் அளவு. கேட்டலாக்கில் பம்புக்குப் போட்டிருக்கும் கணக்கு தண்ணீருக்கானது. கெட்டியான திரவமானால் எவ்வளவு குறைவாக ஓடும் என்பதை அந்த சார்ட் சொல்லும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட அதன் போட்டோ என் மொபைலில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எதையும் ஓட்டிவிடலாம் என்று நம்பினேன்.

2. ஜோகுபாளையத்தில் பதினைந்து நிமிடம்

மூன்றாவது வாரம் ருக்மணி வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். முன்பு கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவர். ஜோகுபாளையத்தில் ஒரு ஷெட் எடுத்து, ஆறு பெண்களை வைத்து இட்லி மாவு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். கிரைண்டர் ஒரு ரூமில், பேக்கிங் மெஷின் அடுத்த ரூமில். நடுவே மாவை அண்டாவில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

"ஒரு நாளைக்கு அறுபது தடவை தூக்குறாங்க மேடம். எங்க லட்சுமிக்கு இடுப்பே போயிடுச்சு. மூணு வாரமா படுத்திருக்கா. ஒரு பைப் போட்டு அந்தப் பக்கம் தள்ளிவிட்டா போதும்."

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "மாவு ரொம்பக் கெட்டியா, கொஞ்சம் தண்ணியா?"

"இட்லிக்குத்தானே, கெட்டியாத்தான் இருக்கும்."

சாம்பிள் வாங்கிக்கொண்டு போய் லேபில் அளந்தேன். ஒரு எண் வந்தது. அந்த எண்ணை சார்ட்டில் போட்டேன். ஒரு சென்ட்ரிஃப்யூகல் பம்ப் வந்தது. அதாவது விசிறி போன்ற சக்கரம் சுற்றித் தள்ளும் சாதாரண வகை. ஆர்டர் போட்டு, பொருத்தி, முதல் நாள் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். அருவி மாதிரி கொட்டியது. ருக்மணி எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாவு. கிரைண்டரில் இருந்து நேராகத் தொட்டிக்கு வந்த புது மாவு, பைப் வழியாக வழவழவென்று பேக்கிங் மெஷினுக்குப் போனது. நான் ஹெக்டே சாருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

பதினைந்தாவது நிமிடம் பேக்கிங் மெஷினில் பிளாஸ்டிக் ரோல் தீர்ந்தது. மாற்றுவதற்காகப் பம்பை நிறுத்தினோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்ப ஸ்விட்ச் போட்டேன்.

"மேடம், மோட்டார் பாடுது, மாவு வரல" என்றாள் மெஷின் பக்கத்தில் நின்ற பெண்.

வேகத்தைக் கூட்டினேன். சத்தம்தான் கூடியது. பம்பின் மேலிருக்கும் சின்ன மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று நுரையும் காற்றுமாக என் துப்பட்டாவில் அடித்தது. மூடினேன். மறுபடி போட்டேன். அரை நிமிடம் கொஞ்சமாக வந்து, நின்றது. மறுபடி திறந்தேன், மறுபடி நுரை. இப்படியே ஒன்றரை மணி நேரம்.

இதற்குள் தொட்டி நிறைந்துகொண்டே இருந்தது. கிரைண்டரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஏப்ரல் மாதம், தகர ஷெட், கிரைண்டர் சூடு, போதாததற்குச் சீக்கிரம் புளிக்க முந்தின நாள் மாவையும் கலந்திருந்தார்கள். மாவு பொங்கத் தொடங்கிவிட்டது. என் கண்ணெதிரே தொட்டியின் மூடி மெதுவாக மேலே எழுந்தது. ஓரத்தில் வழிந்த மாவு தரையில் இறங்கி என் செருப்பைச் சுற்றி வந்தது.

அன்று மாலைக்குள் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல்களுக்கு இருநூறு பாக்கெட் கொடுக்க வேண்டும். முதல் முறையாகக் கிடைத்த பெரிய ஆர்டர். ருக்மணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"பம்பை விடுங்க மேடம். பொங்கினதைத் தனியா எடுங்க, அது பாக்கெட்டுக்கு ஆவாது. தெருவுல தோசை வண்டிக்காரங்க நாலு பேர் இருக்காங்க, அவங்களுக்குச் சொல்லி விடுறேன். நீங்க கரண்டி பிடிங்க."

நான் கரண்டி பிடித்தேன். சாயந்தரம் நான்கு மணி வரை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கையால் மாவு அள்ளி, எடை போட்டு, பாக்கெட் ஒட்டினேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். கரண்டியில் மாவு மலை மாதிரி நின்றது. கவிழ்த்தாலும் விழவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் சரசரவென்று இறங்கியது.

"இது ஏன் இப்படி?" என்றேன்.

"மாவு அப்டித்தான் மேடம். கொஞ்ச நேரம் விட்டா ஒக்காந்துக்கும். ஆட்டி எழுப்பணும்" என்றார் ருக்மணி.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லியே. கெட்டியா தண்ணியான்னுதான கேட்டீங்க?"

இருநூறில் நூற்றெண்பது பாக்கெட் நேரத்துக்குப் போனது. மீதி இருபது ஒரு மணி நேரம் தாமதம். கிளம்பும்போது ருக்மணி சொன்னார்: "கம்பெனி மேல கோவம் இல்ல மேடம். உங்க மேலதான். சரி பண்ணிட்டு வாங்க."

என் மேலடித்த புளித்த மாவு வாசனையில், மெட்ரோவில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலியாகவே இருந்தது. எதிரே இருந்த அம்மா மட்டும் கன்னடத்தில் கேட்டார், வீட்டில் இன்று தோசையா என்று. ஆமாம் என்றேன்.

3. கடைசி வரி

மறுநாள் ஹெக்டே சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாவை எந்த ஸ்பீட்ல அளந்தீங்க ஸ்டெல்லா?"

எங்கள் லேபில் விஸ்காசிட்டி அளக்கும் மெஷினில் ஒரு சின்னத் தண்டு, நிமிடத்துக்கு இத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று நாம் வைக்கும் வேகத்தில், திரவத்துக்குள் சுற்றும். எவ்வளவு சிரமப்பட்டுச் சுற்றுகிறது என்பதை வைத்து எண் வரும். "அறுபது ஆர்பிஎம் சார்" என்றேன்.

"ஒந்தே ரீடிங்கா? ஒண்ணு மட்டும்தானா?"

"ஒண்ணு போதுமே சார். தண்ணிக்கு எந்த ஸ்பீட்ல பார்த்தாலும் ஒரே நம்பர்தானே வரும்?"

"தண்ணிக்கு" என்று அழுத்திச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் புது மாவு வாங்கி வந்து அளந்தேன். அறுபதில் பழைய எண்ணே வந்தது. முப்பதில் கூடியது. ஆறு ஆர்பிஎம்மில் சுற்றினால், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கால் மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு அளந்தால் தண்டு நகரவே யோசித்தது. ஒரே பாத்திரம், ஒரே மாவு. வேகமாகக் கலக்கும்போது இளகுகிறது, சும்மா விட்டால் இறுகுகிறது. நான் அளந்தது ஓடிக்கொண்டிருக்கும் மாவை. பம்புக்குள் போக வேண்டியிருந்தது உட்கார்ந்துவிட்ட மாவு. அதோடு பொங்கும் மாவில் காற்று வேறு. அந்த வகைப் பம்பின் சக்கரத்தில் காற்று சிக்கினால் அது தள்ளாது, வெறுமனே சுற்றும்.

பிறகு லைப்ரரிக்குப் போய் அந்த சார்ட் இருந்த அசல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எந்த வேகத்திலும் விஸ்காசிட்டி மாறாத திரவங்களுக்கு மட்டுமே இந்த சார்ட் பொருந்தும், கூழுக்கும் சேற்றுக்கும் பயன்படுத்தாதே என்பது அதன் சாரம். அப்படி மாறாதவற்றை நியூட்டோனியன் திரவம் என்பார்கள். காலேஜில் படித்ததுதான், இருபத்திரண்டு வருடம் தண்ணீரோடு இருந்ததில் மற்ற ஜாதித் திரவங்கள் இருப்பதே மறந்துவிட்டது. என் மொபைலில் இருந்த போட்டோவில் சார்ட் முழுதாக, தெளிவாக இருந்தது. அந்த வரி மட்டும் இல்லை. போட்டோ எடுத்தவருக்கு அது தேவையில்லாத எழுத்தாகத் தெரிந்திருக்கும். புத்தகம் கையில் இருந்திருந்தால் நானும் அதைப் படித்திருக்க மாட்டேன் என்பதே உண்மை.

"தியரி பொய் சொல்லல ஸ்டெல்லா. அது தனக்குத் தெரிஞ்ச ஊரைச் சொல்லிச்சு. நீங்க அதைத் தெரியாத ஊருக்குக் கூட்டிட்டுப் போய் வழி கேட்டீங்க" என்றார் ஹெக்டே சார்.

இரண்டு வாரத்தில் திரும்பப் போனோம். இம்முறை ஸ்க்ரூ பம்ப். திருகு போல் சுற்றி, மாவைப் பிடித்துத் தள்ளும் வகை. அதைத் தொட்டிக்கு நேர் கீழே, அகலமான குட்டைப் பைப்பில் வைத்தோம். பேக்கிங் நின்றாலும் மாவு நிற்காமல் திரும்பத் தொட்டிக்கே சுற்றி வர ஒரு லைன் போட்டோம். சோதனை செய்யும்போது நானே பேக்கிங் மெஷினை நிறுத்தி, அரை மணி நேரம் காத்திருந்தேன். ரோல் மாட்டி ஸ்விட்ச் போட்டதும் முதல் பாக்கெட் நிறைந்தது. லட்சுமி அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். பைப்பைக் கையால் தொட்டுப் பார்த்து, "உள்ள போவுது, ஜில்லுனு இருக்கு" என்றார். ருக்மணி கேசரி செய்யவில்லை. ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் செய்யலாம் என்றார். அதுவும் சரிதான்.

4. எல்லாவற்றுக்கும் பயம்

அடுத்து நான் செய்த தவறு இதற்கு நேர் எதிர். சார்ட்டையே தொடுவதை விட்டுவிட்டேன். யார் எது கேட்டாலும், "சாம்பிள் வேணும், டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது." பாலுக்கு சாம்பிள், ஜூஸுக்கு சாம்பிள். சேல்ஸ் பையன்கள் காண்டீனில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: "ஸ்டெல்லா மேடம்கிட்ட தண்ணிக்கு பம்ப் கேட்டாலும் ஒரு லிட்டர் காவேரி கொண்டான்னு சொல்வாங்க."

சிரிப்பு வந்தது, வலிக்கவும் செய்தது. ஆறு மாதத்தில் என் மேஜையில் வரிசையாக நாற்பது பாட்டில் நின்றது. காத்திருந்து அலுத்துப் போன மூன்று வாடிக்கையாளர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள்.

ஹெக்டே சார் பாட்டில்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி எல்லாத்தையும் நம்புனீங்க. இப்ப எதையும் நம்பல. ரெண்டும் ஒண்ணேதான். ரெண்டுலயும் யோசிக்கிற வேலை இல்லை."

5. நாற்பது டிகிரி

மல்லேஸ்வரத்தில் ஸ்வீட் கடை வைத்திருந்த சேஷாத்ரி என்பவர் வந்தார். ஜாமூனுக்கு ஊற்றும் சர்க்கரைப் பாகைக் கொப்பரையில் இருந்து தட்டுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் பாகை அளந்தேன். ஆறு ஆர்பிஎம், முப்பது, அறுபது. மூன்றிலும் ஒரே எண். தண்ணீரைப் போலவே சமர்த்து. கலக்கினால் இளகாது, விட்டால் உட்காராது. சூடு குறைந்தால் மட்டும் கெட்டியாகும்.

அப்படியானால் சார்ட் பொருந்த வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு அதை எடுத்துப் போட்டேன். சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்ப்தான் வந்தது. நிமிடத்துக்கு இவ்வளவு லிட்டர் வரும் என்று பேப்பரில் எழுதி, மடித்து, சேஷாத்ரி சாரிடம் கொடுத்துவிட்டு ஸ்விட்ச் போட்டேன். மீட்டர் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அவர் பேப்பரைப் பிரித்தார். அரை லிட்டர்தான் வித்தியாசம்.

"ஜோசியம் மாதிரின்னா இருக்கு" என்றார். "இது எப்பவும் இப்படியே ஓடுமா?"

"எழுபது டிகிரில இருந்து நாற்பது வரைக்கும் அளந்திருக்கேன் சார். அதுக்குள்ள ஓடும். நாற்பதுக்குக் கீழ உங்க பாகுல சர்க்கரை கட்டிக்க ஆரம்பிக்கும். அங்க என் கணக்கு செல்லாது. ஓடுமான்னு எனக்குத் தெரியாது."

அவருடைய மகன் உடனே, "தெரியாதுன்னா எப்படி மேடம்?" என்றான். சேஷாத்ரி சார் அவனைக் கையமர்த்தினார்.

"இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் எதைப் போட்டாலும் ஓடும்னுதான் சொன்னா. எங்க ஓடாதுன்னு சொன்னது இந்தம்மா ஒருத்தர்தான்டா. எனக்கு அதுன்னா வேணும்."

பெயின்டரை வரவழைத்து, பம்புக்கு மேலே சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைத்தார்: 40 டிகிரிக்குக் கீழே ஸ்விட்ச் போடாதே, முதலில் சூடாக்கு. டிசம்பரில் ஒரு நாள் காலை அவரே போன் செய்தார். பாகு ஆறிக் கிடந்ததாம். சமையல்காரர் சுவரைப் படித்துவிட்டு அடுப்பை மூட்டினாராம். அரை மணி நேரத்தில் ஜாமூன் வேலை ஆரம்பித்துவிட்டதாம். புகார் சொல்ல அல்ல, சும்மா சொல்லத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கொடுத்த ஒவ்வொரு கொட்டேஷனிலும் ஒரு பத்தி சேர்த்தேன். இந்தக் கணக்கு எந்தத் திரவத்துக்கு, எந்தச் சூட்டில் இருந்து எந்தச் சூடு வரை, எந்த வேகத்தில் செல்லும். அதற்கு வெளியே நாங்கள் அளக்கவில்லை. சேல்ஸ் ஆட்கள் பயந்தார்கள், இதைப் படித்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று. ஓய்வு பெறும் வரை அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஆர்டரை ரத்து செய்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது நாங்கள் செய்யாத வகைப் பம்ப். அதில் ஒருவர் நன்றி சொல்லி, அடுத்த வருடம் தன் தம்பியை எங்களிடமே பம்ப் வாங்க அனுப்பி வைத்தார்.