மூன்று முல்லர்கள்

நெய்வேலி விருந்தினர் விடுதியில் அறைகளைத் தயார் செய்வது என் வேலை. சுரங்க இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஜெர்மனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தமிழில் எழுதித் தந்த பட்டியலில் மூவருக்கும் பெயர் முல்லர் என்றே இருந்தது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து இருக்கட்டும் என்று ஒரே அறையில் மூன்று கட்டில் போட்டுவிட்டேன்.

மேனேஜர் கத்தினார். "யோவ், யாரக் கேட்டுக்கினு போட்ட? மூணு பேரும் வேற வேற ஊரு. நீ காண்ட்ராக்ட் வேலையில இருக்கறத மறந்துட்டியா? நாளையிலேர்ந்து வராத."

கட்டில்களை வெளியே எடுக்கப் போனேன்.

மூவரில் மூத்தவர் வாசலில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். எதைச் சொல்லும் முன்பும் கண்ணாடியைச் சட்டையில் துடைப்பார். அன்றும் துடைத்துவிட்டுப் பேசினார். கூட வந்த நம் என்ஜினியர் அதைத் தமிழில் சொன்னார்.

"அவங்க நாட்டுல வேதம் படிச்சவரு, பந்து விளையாடறவரு, பாட்டு எழுதினவரு, எல்லாருமே முல்லராம்பா. ஒருத்தர்கூட இவர சொந்தம்னு சொன்னதில்லயாம். நீதான் ரெண்டு தம்பிய குடுத்திருக்கியாம். கட்டில எடுக்காதங்கறாரு."

மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே பெட்டிகளை உள்ளே வைத்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து, "சரி, நாளைக்கு வா" என்றார்.

தனி அறை காலியாக இருந்தும் தங்கிய நான்கு நாளும் மூத்தவர் அந்த மூன்று கட்டில் அறையில்தான் தூங்கினார். என் வேலைக்காகவா, உண்மையிலேயே பிடித்துப்போயா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.