படத்தில் இல்லாத பலகை

கறாரக்கா கணவரின் தாடையில் சவரக்கத்தியை இழுத்துக்கொண்டிருந்தபோது சபைச் செயலாளர் வந்து நின்றார். பக்கவாதம் வந்தவருக்குச் சவரம் செய்யும்போது செயலிழந்த கன்னத்தை விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் மடிந்து கத்தி வெட்டிவிடும். அதனால் அவள் திரும்பவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நூத்தம்பதாவது ஆண்டு விழா. ஆரம்பத்துல கோயில் எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கணும்னு மூப்பர்கள் தீர்மானம் போட்டிருக்காங்க."

"நல்லது. ஃபேனையெல்லாம் கழட்டப்போறீங்களா?"

"இல்லக்கா. வாசப்படியில போட்டிருக்க சரிவுப் பலகைய."

பிரஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. மற்ற சபைகளில் ஒருவர் தனியாகச் செய்யும் தவறை இங்கே சபை தேர்ந்தெடுத்த மூப்பர்கள் எல்லோரும் கூடி, ஜெபித்து, கைதூக்கிச் செய்வார்கள். இந்தமுறை அவர்களுக்கு ஒரு பழைய புகைப்படம் கிடைத்திருந்தது. அதில் கோயில், கல்படிகள், தாடி வைத்த ஆண்கள், ஓர் ஆடு. பலகை இல்லை. ஆகவே பலகை போக வேண்டும். மைக்கும் குழல்விளக்கும் தகரக் கொட்டகையும்கூடப் படத்தில் இல்லை, ஆனால் அவற்றை வரலாறு பொறுத்துக்கொண்டது.

அந்தப் பலகையில்தான் கணவரின் சக்கர நாற்காலி ஏறும். ஊரில் அவருக்கு முன்னடி என்று பெயர். வாத்தியம் இல்லாத அந்தக் கோயிலில் பைபிளில் உள்ள சங்கீதப் பாடலின் ஒவ்வோர் அடியையும் அவர் முதலில் பாடுவார், சபை திருப்பிப் பாடும். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சில் "ஆமா" மட்டும் மிஞ்சியது. பாட்டு போகவில்லை. இதில் அற்புதம் ஒன்றுமில்லை, மூளையில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடம் வேறு. ஆனால் வீட்டில் பாடச் சொன்னால் பாட மாட்டார். வாரத்தில் கோயிலில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் வாயிலிருந்து முழு வரி வரும். கறாரக்கா வாரம் முழுவதும் காத்திருப்பது அதற்குத்தான்.

"நாலு பசங்கள விட்டுத் தூக்கிக்கலாம்க்கா."

"பலகை போடறதுக்கு முன்ன கக்கத்துல கை குடுத்துத் தூக்குனாங்க. தோள்பட்டை இறங்கிப்போச்சு. மூப்பர்களா வந்து ஏத்தி வச்சாங்க?"

"அப்ப திருவிருந்து அப்பத்தையும் ரசத்தையும் மறுநாள் வீட்டுக்கே கொண்டு வந்து தந்துடறோம்."

"அவரு சாப்பிடவா வர்றாரு? பாட வர்றாரு."

"பாட்டுக்குக் குழு இருக்குக்கா. கீபோர்டு வாடகைக்குச் சொல்லிட்டோம்."

"படத்துல இருந்த கீபோர்டுதானே?"

செயலாளர் விழா மலரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வழவழ அட்டை. உள்ளே எல்லாப் போதகர்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாரமெல்லாம் துணி வெளுத்துவிட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டிய கறாரக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தனை வருடமும் தூசி தானாகவே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும்.

ஞாயிறன்று பலகை விழாச் சமையலுக்கு விறகாகியிருந்தது. முற்றத்தில் விருந்தினருக்காகப் புதுப் பலகைகளில் மேடை போட்டிருந்தார்கள். கறாரக்கா கணவரைப் படிகளுக்குக் கீழே, திறந்த வாசலுக்கு நேராக நிறுத்தி, சக்கரத்துக்குத் தடை போட்டாள்.

"வெயில்ல ஏன்க்கா?" என்றார் ஒரு மூப்பர்.

"வரலாறு உள்ள இருக்கு. எங்களுக்கு இடம் இல்லியாம்."

போதகர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னார். கீபோர்டு முன்னிசை தொடங்கியது. அது முடிவதாகத் தெரியவில்லை. படிக்குக் கீழிருந்து முன்னடி முதல் அடியை எடுத்துவிட்டார். குரல் கரகரத்தது, சொல் ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி பெஞ்சுகள் பழக்கதோஷத்தில் திருப்பிப் பாடின. அடுத்த அடிக்கு நடு பெஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. பாடகர் குழுத் தலைவர் ஈ ஓட்டுவதுபோலக் கையை ஆட்டிப் பார்த்தார். கீபோர்டுக்காரர் சுருதியைத் தேடிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். சங்கீதம் முழுவதும் வாசலுக்கு வெளியிலிருந்துதான் உள்ளே போனது.

ஆராதனை முடிந்து மேடையேறிய சிறப்பு விருந்தினர், இப்படி அடியெடுத்துப் பாடும் ஆதிகால முறையை இவ்வளவு அழகாக நினைவூட்ட ஏற்பாடு செய்த குழுவைப் பாராட்டினார். செயலாளர் எழுந்து அடக்கத்தோடு தலைவணங்கினார்.

மேடையிலிருந்து இறங்கிய செயலாளர் கறாரக்காவிடம் குனிந்தார். "பலகை விஷயத்த அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்க்கா. துணைக்குழு ஒண்ணு போட்டுப் பாத்துரலாம்."

"பாருங்க தம்பி."

மறுநாள் காலை தச்சரைக் கூட்டிவந்து மேடையைப் பிரித்தாள். நல்ல கனமான பலகைகள், பழையதைவிட அகலம். படிகளின் மேல் சரிவாகச் சாத்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது செயலாளர் மூச்சுவாங்க வந்தார்.

"அக்கா, தீர்மானம் இல்லாம எப்படி?"

"போட்டுக்கோங்க, வேணாம்னா சொன்னேன்? இப்ப அந்த முனைய அசையாம புடிங்க."

பிடித்தார்.